வலப்பக்கம் வளையும் ஆறு கூடைகள்

சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால் பெருங்காயத்தைப் பற்றி ஏதாவது சொல்வேன். நொட்டை சொல்வதில் வீட்டில் எனக்கு அப்படியொரு பெயர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் அது தெரியும். பூங்காவில் போட்டிருக்கும் டிஸ்க் கோல்ஃப் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மகனோடு அமெரிக்காவில் இருந்த மாதங்களில் நான் அதை ஆடியிருக்கிறேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடையில் போடுகிறவர் கெட்டிக்காரர். இங்கே ஆறு கூடைகளையும் வைத்தவர் பக்கத்துத் தெருக் கணித ஆசிரியை. வெல்டிங் பட்டறையில் சொல்லி, ஊஞ்சல் சங்கிலி தொங்கவிட்டுச் செய்திருந்தார். இப்போது ஷட்டில் ஆடுகிறவர்கள் அந்த இடத்தைக் கேட்டார்கள். நான் சரியில்லை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமையே கூடைகளைப் பிடுங்கிவிடுவார்கள்.

காலையில் செயலாளரோடு போய்ப் பார்த்தேன். தூரம் மிகக் குறைவு. கூடைக்குக் கூடை ஒரு பெஞ்சு வேறு. எல்லாப் பாதைகளும் மரங்களைச் சுற்றி வலப்பக்கமே வளைந்தன. என்னைப் போல வலக்கையால் எறிந்தால் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாயும். நான் எறிந்ததெல்லாம் வேப்பமரத்தில் பட்டு விழுந்தது.

"இதெல்லாம் ஒரு டிசைனா? யாருக்காகப் போட்டாங்க?" என்று சத்தமாகவே கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஆசிரியை ஸ்கூட்டரில் வந்து கணவரை இறக்கிவிட்டார். பக்கவாதம் வந்த பிறகு அவரை நான் வெளியே பார்த்ததே இல்லை. வலக்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. இடக்கையால் எறிந்தார். தட்டு மரத்தைத் தாண்டி, தானாக வலப்பக்கம் வளைந்து, கூடைக்கருகே இறங்கியது. காலை இழுத்து இழுத்து அதை நோக்கி நடந்தார். எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆசிரியை என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தில்லை நகர் டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருக்கார் சார். நடங்கன்னு சொன்னா கோபம் வருது. எறிஞ்சதை எடுக்க மட்டும் போறார். இதை மீட்டிங்ல சொல்லிடாதீங்க, அப்புறம் வீட்டை விட்டு வரவே மாட்டார்."

சற்று முன் கத்திய வாயை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

அவருடைய கணவர் பின்னாலேயே போனோம். ஆறாவது கூடை பின்சுவர் ஓரத்தில் இருந்தது. அதில் தட்டைப் போட்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்கூட்டரைப் பின்வாசலுக்குக் கொண்டுவர ஆசிரியை ஓடினார்.

"என்ன சார், எடுத்துடலாமா?" என்றார் செயலாளர்.

"எடுக்கறதா? அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு. ஒரே ஒரு குறைதான். ஆறோட நின்னுடுது. இங்கேருந்து முன்வாசல் வரைக்கும் எறியறதுக்கு ஒண்ணுமே இல்லையே, யாரு திரும்பி நடப்பா? வாசல்கிட்ட ஏழாவதா ஒரு கூடை வைங்க."

செயலாளர் தலையைச் சொறிந்தார். "சரி, ஷட்டில்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

கூடையருகே நின்ற ஆசிரியையின் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேச்சு குழறியது. ஆனால் நன்றாகவே புரிந்தது.

"அதுவும் வலது பக்கம்தான் வளையணும்."