தீபாவளி இல்லாத வீடு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காணி வாங்கியவன் நான். வட்டவளையில், ஒரு வீடு கட்டும் அளவுக்குச் சின்னத் துண்டு. உரிமையாளர் லண்டனில் இருந்தார். தன் சார்பில் விற்பதற்கு அவர் எழுதிக் கொடுத்திருந்த அட்டோர்னி பத்திரத்தை வைத்து அவருடைய தம்பிதான் விற்றார்.

காணியை என் பெயருக்கு மாற்றும் உறுதிப் பத்திரம் எழுதுவதற்கு முதல் நாள் தீபாவளி. பலகாரத் தட்டோடு அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன்.

“இந்த வருசம் எங்களுக்குத் தீவாளி இல்லைங்க” என்றார் அவருடைய மனைவி, தட்டை வாங்காமல்.

சொந்தத்தில் சாவு என்று புரிந்தது. யாரென்று கேட்க வாயெடுத்தேன். விடிந்தால் நல்ல காரியம், இந்த நேரத்தில் சாவுப் பேச்சு எதற்கு என்று அடக்கிக்கொண்டேன். மறுநாள் உறுதி எழுதி முடித்தோம்.

அத்திவாரம் வெட்டும்போது லண்டனிலிருந்து உரிமையாளரின் மகள் வந்து நின்றாள். தீபாவளிக்கு முந்திய மாதமே அப்பா இறந்துவிட்டாராம்.

“எழுதிக் கொடுத்தவரு செத்த அன்னைக்கே அந்த அட்டோர்னியும் முடிஞ்சிருச்சுங்க. அதை வச்சு எழுதுன உறுதி செல்லாது” என்றார் வக்கீல்.

தம்பியின் வீடு பூட்டிக் கிடக்கிறது. வழக்கு நடக்கிறது. நாங்கள் வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் நிற்கிறது. இன்னும் தோட்டத்து லயத்து ஒற்றை அறையில்தான் இருக்கிறோம்.

இப்போதெல்லாம் யாராவது தீபாவளி இல்லை என்று சொன்னால், “யாருங்க தவறிட்டாங்க?” என்று உடனே கேட்டுவிடுகிறேன். இனிக் கேட்டு என்ன ஆகப் போகிறது?