ஒரு நாள் தாழ்ப்பாள்

என் தகரப் பெட்டியின் அடியில், சேலைகளுக்கெல்லாம் கீழே, ஓர் இரும்புத் தாழ்ப்பாள் கிடக்கிறது. விரல் தடிமன், ஒரு சாண் நீளம். ரயில் பாதை போட்ட இடத்துக் கொல்லன் பழைய இரும்பில் அடித்துக் கொடுத்தது. தலைப்பக்கம் கொஞ்சம் கோணல். லுணுகலைப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, பின்கதவுல போட்டுரலாமே" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அன்று தேயிலைக் கூடை சுமந்த அலுப்பு. பிறகு சொல்கிறேன் என்றேன். அவர் போய்ச் சேர்ந்தும் வருஷங்களாகிவிட்டன. அந்தப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறது.

அது என் மதினியுடையது. என் அண்ணன் எல்ல ஊர்ப் பக்கம் மலை குடையும் ரயில் வேலைக்குப் போனபோது, மதினியும் நானும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தோட்டத்துப் பேரேட்டில் ஆம்பிளைப் பேர் இல்லாத வீட்டுக்குக் காம்பரா என்ற அந்த ஒற்றை அறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் அழுதேன். மதினி பாயைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள். அவளுக்கு லயம் என்றாலே வேப்பங்காய். எங்கள் லயத்துக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் எழுந்து வராதவர் வீட்டுக்குள் கங்காணி நேரே நுழைந்துவிடுவார். ஒருமுறை மதினி காய்ச்சலில் கிடந்தபோது உள்ளே வந்து பிரம்பு நுனியால் கம்பளியை விலக்கிப் பார்த்து, "எந்திரி, எந்திரி, நடிக்காத" என்றார். அடித்திருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். அந்தக் கம்பளியை விலக்கியதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை: உள்ளிருந்து பூட்டிக்கொள்ள ஒரு கதவு.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பேர்கூடக் கிடையாது. தெமோதரைக்கும் பதுளைக்கும் நடுவில், பாதையிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரு பள்ளம். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி அங்கே மண்சுவர் வீடுகளாகக் கட்டி, எங்களைப் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் முன்பு குடியிருந்தவர்கள் குளிருக்குக் கதவுகளை உடைத்து அடுப்பெரித்துவிட்டு ஓடியதில் அவருக்கு மனம் விட்டுப்போயிருந்தது. "சுவரும் கூரையும் நான் தாறேன் தங்கச்சி, கதவு ஒங்கட பாடு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே பள்ளத்தில் யார் என்ன கதவு கொண்டுவந்தார்களோ அதுதான் கதவு. ஒரு வீட்டில் தேயிலைப் பெட்டிப் பலகை, இன்னொன்றில் தகரம், பெரும்பாலும் சாக்கு.

வாடகை குறைவு என்று எல்லோரும் சொன்னோம், உண்மைதான். மிச்சத்தை எல்லாம் கால் கொடுத்தது. தண்ணீருக்கு ஊற்றுவரை இறக்கம், குடத்தோடு ஏற்றம். கொழுந்து பறிக்கப் பழைய தோட்டத்துக்கே இருட்டில் ஏறிப்போக வேண்டும், மாலையில் அதே வழியில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் சுவர் ஊறி மண் வாசனை சோற்றில்கூட அடிக்கும். உட்கார்ந்தால் தூங்கிவிடும் ஜனங்கள் நாங்கள். சண்டை போடுவதற்குக்கூட ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.

மதினி வந்த மாதத்திலேயே, தான் வளர்த்த வெள்ளாட்டைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தச்சரிடம் கொடுத்துவிட்டு, பலா மரத்தில் ஒரு கதவு செய்து வாங்கினாள். நானும் அவளும் அதைத் தலைமாற்றித் தலைமாற்றிச் சுமந்து இறக்கினோம். கனத்த கதவு. கீல் கிடையாது; ஓரத்தில் துருத்திய அதன் குடுமி நிலையின் குழியில் உட்கார்ந்து திரும்பும். திரும்பும்போது ஒரு முனகல் முனகும். எதிர்வீட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு, "ஆட்டை வித்து வாங்கின கதவுல்ல, அதான் மேன்னு கத்துது" என்றாள். பள்ளம் முழுக்க அதற்கு ஆட்டுக்கதவு என்றே பேராயிற்று. மதினியும் சிரித்தாள். தாழ்ப்பாளுக்கு மட்டும் ஆட்டின் விலை எட்டவில்லை. அண்ணன் வரும்போதெல்லாம், "தாப்பா எங்க? கொல்லன்கிட்ட சொன்னீங்களா இல்லியா?" என்பதுதான் அவள் முதல் கேள்வி. அதுவரை உள்ளே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைப்போம். காற்றுக்கே அது விழுந்துவிடும்.

அந்தக் கதவை நிம்மதியாக வீட்டில் இருக்கவிட்டார்களா என்றால், இல்லை. நோயாளியைப் பாதைக்கு ஏற்றுவதற்குப் பள்ளத்தில் ஓர் ஆளைத் தாங்கக்கூடிய பலகை அது ஒன்றுதான். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் குடுமி குழியிலிருந்து கழன்று வரும். அதில் ஆளைக் கிடத்தி, மேலே கொண்டுபோய், கதவோடு மாட்டு வண்டியில் வைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். போன ஆளை இறக்கிக் கொண்டுவரவும் அதுவே வேண்டும் என்பதால், ஆள் திரும்பும்வரை கதவும் திரும்பாது. "கதவு கேட்டு வந்திருக்காங்க" என்றால் யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம். திருப்பித் தரும்போது மஞ்சள் தண்ணீரில் கழுவி, மேலே ஒரு பூசணிப் பிஞ்சோ கொஞ்சம் அரிசியோ வைத்துத்தான் தரவேண்டும். வெறும் கதவாகத் திருப்பக் கூடாது என்பது யார் வைத்த வழக்கமோ தெரியாது.

மதினி ஒருமுறைகூட இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் திட்டாமல் கொடுத்ததும் இல்லை. "ஒங்களுக்கெல்லாம் நோவு வர்றதுக்கு எங்கதவுதான் கெடச்சுதா? எடுத்துட்டுத் தொலைங்க!" என்று கத்திக்கொண்டே ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துத் தூக்குவாள். பிறகு வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு, நாங்கள் இரண்டு பெண்களும் முறைவைத்து விழித்திருப்போம். அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் பரவி, கதவு வீட்டில் இருந்ததைவிட வெளியில் இருந்ததுதான் அதிகம். மதினி அப்போது மாசமாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, நடக்கும்போதே தூங்கினாள். ஒருநாள் ஊற்றடியில் எல்லோர் முன்னாலும் குடத்தை டொக்கென்று வைத்துச் சொன்னாள்: "தாப்பா மட்டும் வரட்டும். போட்டேன்னா போட்டதுதான். யாரு வந்து தட்டினாலும் தொறக்க மாட்டேன், சொல்லிட்டேன்." எதிர்வீட்டு அக்கா, "சரி தாயி, தொறக்காத" என்று சிரித்தாள்.

தாழ்ப்பாள் வருமுன் மதினிக்கு வலி வந்துவிட்டது, நாள் ஆகுமுன்பே. அவளை அவள் கதவிலேயே கிடத்தித் தூக்கினார்கள். எதிர்வீட்டு அக்காவின் புருஷன்தான் முன்பக்கம். ஏற்றத்தில் அவர் சறுக்கியபோது, அந்த வலியிலும், "பாத்து அண்ணே, கதவு ஒடஞ்சா ஆட்டுக்கு எங்க போவேன்?" என்றாள். என்னைப் பார்த்து, "வீட்ட விட்டு எங்கயும் போயிராத புள்ள" என்றாள். அக்கா கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் சாக்குக்குப் பின்னால் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

குழந்தை தங்கவில்லை. செய்தி எட்டி அண்ணனும் வந்து, எல்லோருமாக மதினியைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவள் கதவில் படுக்க மாட்டேன் என்று மண்மேட்டைப் பிடித்து, ஆளைப் பிடித்து நடந்தே வந்தாள். கதவு அவளுக்கு முன்னால் வந்தது. பிள்ளையோடு வரவேண்டிய கதவு. வெறுமனே வரக்கூடாதே என்று அக்கா அதன்மேல் ஒரு கட்டு விறகு வைத்திருந்தாள்.

அண்ணன் மடியிலிருந்து தாழ்ப்பாளை எடுத்தான். கொல்லன் அப்போதுதான் அடித்துக் கொடுத்திருந்தானாம். கதவை மாட்டி, ஆணி அடித்துத் தாழ்ப்பாளைப் பொருத்திவிட்டு, அன்றே வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று மத்தியானமே ஏறிப்போய்விட்டான். மதினி எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். மறுபடி இழுத்து, மறுபடி தள்ளினாள். கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்தாள். பக்கத்தில் நானும் படுத்தேன். நான்கு நாள் தூக்கம் பாக்கி. வெளியே மழை கொட்டியது. அடித்துப்போட்டதுபோல் இருவரும் தூங்கினோம்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் கதவைத் திறந்தோம். பள்ளத்தில் சத்தமே இல்லை. எதிர்வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் தோளில் தூக்கிப்போக முடியாதபடி வளர்ந்திருந்த அக்காவின் கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்திருக்கிறது. கம்பளியில் போட்டு, கம்பில் தொட்டில்போல் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். மழையில் முடிச்சு நழுவ, நிறுத்தி நிறுத்திக் கட்டி, பாதைக்கு ஏறுவதற்குள் பிள்ளை போய்விட்டது.

மதினி எப்படி அந்த வாசலைக் கடந்தாள் என்று தெரியவில்லை. அக்காவின் முன்னால் போய் விழுந்தாள். "ஏங்க்கா தட்டல? நா சொன்னதுக்காகவா? வாய்க்கொழுப்புல சொன்னத நீங்களுமா நம்புனீங்க?"

அக்கா அழுது ஓய்ந்திருந்தாள். மதினியின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீ சொன்னதுக்கு இல்ல தாயி. வாசல் வரைக்கும் வந்தோம். உள்ள நீ கொறட்ட விடுற சத்தம் கேட்டுச்சு. இன்னிக்காச்சும் தூங்கட்டும்னு திரும்பிட்டோம்" என்றாள்.

கதவில் போனாலும் பிள்ளை பிழைத்திருக்காது என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். மதினி அதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளையை எடுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றே, அண்ணன் விட்டுப்போன, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து நெம்பித் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள். இனிமேல் யாரும் கேட்க வேண்டாம், வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். திட்டுவதையும் அத்தோடு நிறுத்திவிட்டாள். அவள் திட்டாமல் கதவு போனது எனக்கு என்னவோபோல் இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் ஆழ்ந்து தூங்கியும் நான் பார்த்ததில்லை. இலை அசைந்தால் எழுந்து உட்காருவாள்.

எனக்குக் கல்யாணமாகிக் கிளம்பும்போது சேலை மடிப்புக்குள் வைத்து அதைக் கொடுத்தாள். "இங்க இது ஆகாது புள்ள. நீயாவது போட்டுக்க" என்றாள்.

இப்போது ரயில் பதுளைக்கே வருகிறது. மதினி இல்லை. அந்தப் பள்ளத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏறி இறங்கிப் பார்த்துவர முட்டி ஒத்துழைக்காது. இந்த வீட்டுக் கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள்கள். பொழுது சாய்ந்ததும் இரண்டையும் போட்டுவிட்டுப் படுக்கிறேன். இத்தனை வருஷத்தில் கதவு கேட்டு இங்கே ஒருவரும் வந்ததில்லை. வாசல்வரை வந்து, என் தூக்கத்தை நினைத்துத் திரும்பிப்போகவும் ஆளில்லை. இன்று பெட்டியைத் திறந்து தாழ்ப்பாளை எடுத்துத் துடைத்தேன். ஒரே ஒரு நாள் புழங்கிய பொருள், தேய்மானமே இல்லை. திரும்பவும் சேலைகளுக்குக் கீழே வைத்துவிட்டேன்.