அவளுக்கென்று ஒரு பானை

என் மனைவியின் ஆட்டைத் திவசம் இன்னும் வரவில்லை. ஒருவர் இறந்து ஒரு வருடம் முடியும் வரை அந்த வீட்டில் பண்டிகை கிடையாது என்பது எங்கள் வழக்கம். அதனால் தைப்பொங்கலுக்கு நாங்கள் பொங்கவில்லை. ஆனால் அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்த வியட்நாமியப் புத்தாண்டுக்கு, மகன் வீட்டில் நான் அரிசி ஊறப்போட்டேன், பயறு அவித்தேன், வாழையிலை வாட்டினேன். ஆக்லாந்தில் எங்கள் ஆட்கள் பலருக்கு இதனால் என்மேல் கோபம். இருக்கட்டும். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் அவர்களில் ஒருவருமில்லை.

மருமகள் வியட்நாமியப் பெண். கலியாணத்துக்குப் போனேன், கை கொடுத்தேன், படத்துக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு விதி சொன்னேன்: அவர்கள் சமைத்தது எதுவும் எங்கள் வாசற்படி தாண்டக் கூடாது. நாங்கள் சைவம். மீன்சாறு விடாத கறியே அவர்களிடம் இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சரியா பிழையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன் நான். சோதித்துப் பாராமல் எதையும் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் இது.

மனைவி தர்க்கம் பண்ணவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அவர்களுடைய புத்தாண்டு நெருங்கும்போது தனியே பஸ் ஏறி ஒனிஹங்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவாள். அங்கே எல்லோரும் இருந்து பான் தெத் கட்டுவார்கள். பசையரிசியையும் பயறையும் வாழையிலையில் உருளையாகச் சுற்றி, நூலால் வரிந்து, நாள் முழுக்க அவிப்பது. நடுவில் பன்றி இறைச்சி வைப்பார்கள். வாழைப்பழம் வைத்துச் சைவமாகவும் செய்வார்கள். அந்த வாழைப்பழ உருளையில் என் மனைவிக்கு உயிர். அங்கேயே தின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள்.

"எனக்கெண்டு மருமகள் வேற பானை வாங்கி வச்சிருக்கிறா. அதில இறைச்சி அவிக்கிறேல்லை," என்று ஒருமுறை சொன்னாள்.

"ம்" என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அவள் இறந்து எட்டாம் நாள், எங்கள் வீட்டில் எட்டுச் செலவு செய்தோம். இறந்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள் அது. என் அக்கா எல்லர்ஸ்லியிலிருந்து வந்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். மருமகள் ஒரு வாழைப்பழ உருளையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"பன்றி அவிச்ச பானையிலதானே இதையும் அவிச்சிருப்பினம்?" அக்கா மருமகளைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

மகன் வெளியே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான். மருமகளுக்குத் தமிழ் விளங்காது. அந்த அறையில் கேள்வியும் விளங்கி விடையும் தெரிந்த ஒரே ஆள் நான். இல்லை என்று ஒரு சொல் போதும். நான் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கின் திரியைத் தூண்டினேன்.

அக்கா உருளையை எடுத்துக் குசினி மேசையில் வைத்தார். படையலில் மோதகம் இருந்தது. மோதகம் எனக்குத்தான் பிடிக்கும். பின்னேரம் மருமகள் தன் உருளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது என் கையைப் பிடித்து, "சாப்பிடுங்கோ மாமா" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதையும் என் மனைவிதான் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

சனவரியில் மகன் போன் எடுத்தான். "அப்பா, வருஷக் கடைசியில செத்தவையை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுறது இவையின்ர முறை. இந்த முறை அம்மாவையும் கூப்பிடப் போறாளாம். நீங்கள் வருவீங்களோ?"

எனக்குத் தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. துக்கக்காரர் புத்தாண்டில் பிறர் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று அவர்களிடமும் ஒரு வழக்கம் உண்டென்று மனைவி சொல்லியிருந்தாள். "உன்ர மாமியைக் கேள். நான் வரக்கூடாதெண்டு அவவே சொல்லுவா," என்றேன்.

மருமகளின் தாய் அவர்களோடுதான் இருக்கிறார். மறுமுனையில் வியட்நாம் மொழியில் ஏதோ சளசளத்தது. பிறகு மகன் சிரித்துக்கொண்டு சொன்னான். "புத்தாண்டு பிறந்தாப் பிறகு வந்தால்தானாம் பிழை. முதலே வந்து நிண்டால் நீங்கள் வீட்டு ஆளாம். பெட்டியோட வரட்டாம்."

பெட்டியோடு போனேன்.

வீட்டு வளவில் நிற்கும் வாழையில் காற்றுக் கிழிக்காத இலைகளைத் தேடி வெட்டினோம். அனலில் இலை வாட்ட எனக்குத் தெரியும். அதைப் பார்த்துச் சம்பந்தியம்மா தலையாட்டினார். பாவற்காய்க்குள் தோஃபுவும் காளானும் அடைத்துச் சூப் வைத்தார்கள். என் பங்குக்குத் தேங்காய்ப்பாலில் அரிசியைப் பிரட்டினேன். கட்டும் வேலைக்கு வந்தபோதுதான் பிடிபட்டேன். சம்பந்தியம்மா என் உருளையைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொல்ல, மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்:

"அரிசியோட உங்களுக்கு என்ன கோபம் எண்டு அம்மா கேக்கிறா. அது ஊதுறதுக்கு இடம் வேணும் மாமா. மாமியும் முதல் வருஷம் இப்பிடித்தான் இறுக்கினவ. வெடிச்சுப் போச்சு."

நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன்.

கராஜில் இரண்டு காஸ் அடுப்பு, இரண்டு பானை. நான் சின்னப் பானைக்குக் காவல் இருந்தேன். தண்ணீர் வற்ற வற்றச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் அக்காவின் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். கராஜுக்குள் கால் வைக்கவில்லை.

"தம்பி, ஆட்டை முடியேல்லை. உனக்கென்ன விசரே?"

"ஓம் அக்கா. உள்ளுக்கு வாங்கோ."

"பெண்சாதி செத்த வருஷத்தில பலகாரம் சுடுறாய் எண்டு சனம் சிரிக்குது."

"சுடேல்லை. அவிக்கிறன்."

"என்னோட பகிடி விடாத!"

எழுந்து பானை மூடியைத் தூக்கினேன். "இதைப் பாருங்கோ. இது அவவின்ர பானை. இதில ஒருநாளும் இறைச்சி அவிச்சதில்லை. எட்டுக்கு நீங்கள் கேக்கேக்கையும் எனக்கு அது தெரியும்."

அக்கா என்னையே பார்த்தார். "தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீ?"

"ஓம்."

"ஏன்டா?"

"என்ர விதியை விழுத்த எனக்கு மனமில்லை. அவவின்ர சாப்பாட்டை விழுத்தினன்."

அக்காவின் முகம் ஒரு கணம் இளகியதுபோல் இருந்தது. ஆனால் அவர் என் அக்கா. "சரி, சொல்லிப்போட்டாய். இனி அடுப்பை நிப்பாட்டு. ஆட்டைக்கு முறையாச் செய்வம்."

"ஆட்டைக்கும் இதைத்தான் படைப்பன்."

"ஐயர் வரமாட்டார்."

"நானே படைப்பன். தேவாரம் எனக்கும் தெரியும்."

"நானும் வரமாட்டன்."

"வந்தால் உங்களுக்கும் ஒரு துண்டு இருக்கும் அக்கா."

கார்க் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. நான் பானைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அடுப்பை நிறுத்தவில்லை.

மாலையில், மருமகளின் தகப்பனார் படத்துக்குப் பக்கத்தில் என் மனைவியின் படத்தை வைத்தார்கள். பான் தெத்தைக் கத்தியால் வெட்டுவதில்லை. கட்டிய நூலையே சுற்றி, ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்து அறுப்பார்கள். என்னுடையது கட்டுப்பல்லு. சம்பந்தியம்மா மறு நுனியைப் பிடிக்க நான் இழுத்தேன். இலையின் பச்சை பிடித்த அரிசி, நடுவில் அவிந்து செக்கச் சிவந்த வாழைப்பழம். முதல் துண்டை அவளுக்கு வைத்தேன். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் அதே துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இத்தனை வருடமும் இதை அவள் தனியே தின்றாள்.

அக்கா இன்னும் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வீடு திரும்பும்போது அந்தச் சின்னப் பானையை மருமகளிடம் கேட்டு வாங்கி வந்தேன். திவசத்துக்கு அது வேண்டும். என் விதியை மீறி எங்கள் வாசற்படி தாண்டி, இப்போது குசினியில் என் மனைவியின் சட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.