மூன்று நாள் சிரிப்பு

போன வருடம் மாசி மாதம், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் இருப்பதால் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதே அபூர்வம். நான் பள்ளிக்கு லீவு போட்டிருந்த ஒரு வாரம், திங்கட்கிழமை மதியம், அவள் தனியாக இருந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சந்தோஷமாக எட்டிப் பார்த்தேன். பீரோவுக்கு மேலே இருக்கும் மூலையைப் பார்த்தபடி, கண் சிமிட்டாமல், ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை. ஒரு பல்லியைக்கூடக் காணோம். சாயங்காலம் வரை சிரிப்பு நிற்கவில்லை. மறுநாளும் அப்படியே. கவுன் மாற்றுவதற்காகக் கையைப் பிடித்துத் தூக்கினேன். சிரிப்பு சத்தமாகி, அவள் முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது. வாய்தான் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்குப் பயந்து கதவைச் சாத்தியவள் நான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார் வந்து பார்த்தாள்.

"மதினி, புள்ள கண்ணப் பாத்தீகளா? வெள்ளையெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு. இது காத்து சேட்டைதான். கருப்பனுக்கு ஒரு கெடாக்குட்டி நேந்து விடுவோம்."

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு எலும்பு மண்டலம் நடத்தும் அறிவியல் டீச்சர் நான். நானும் சரியென்று தலையாட்டினேன். கணவர் வெளியூரில் இருந்தார். பயம் வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எந்த மூலைக்கு? புதன்கிழமையும் மகள் சிரித்தாள்.

வியாழக்கிழமை விடியும்போதே நானும் நாத்தனாரும் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குக் கிளம்பினோம். விட்டுவிட்டு வர ஆளில்லாததால் மகளும் கூட வந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் சிரிப்பு கூடியது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்கள். சந்தையில் ஒரே பனிமூட்டம். ஆடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை, கத்தல் மட்டும் நாலா பக்கமும் கேட்டது. அதற்கு நடுவே என் மகளின் சிரிப்பு.

ஆடு விற்கும் அம்மா ஒருவர் கருப்புக் குட்டி ஒன்றைப் பிடித்து நிறுத்தினார். "சாமிக்கு விடுற குட்டில ஒரு பழுது இருக்கக் கூடாது தாயி. நாலு காலயும் தடவிப் பாத்துக்க" என்று என் விரல்களைப் பிடித்து அதன் கால் எலும்பு நெடுக ஓட்டிக் காட்டினார். மூன்று கால் பார்த்தாயிற்று. நாலாவதில் அவர் கை நின்றுவிட்டது. என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுச் சத்தத்துல பாப்பா ஒரு கையாலதான காதப் பொத்துது? இன்னொரு கையத் தூக்கவே இல்லியே?"

அவள் முன்னால் மண்டியிட்டு, ஆட்டுக்காலைத் தடவிய அதே மாதிரி, இடது முழங்கைக்குக் கீழே மெல்ல விரலை வைத்தார். சிரிப்பு வீறிட்டது. பிள்ளையின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இது சிரிப்பு இல்ல தாயி. கை ஒடிஞ்சிருக்கு. குட்டிய விடு, புள்ளயத் தூக்கிட்டு ஓடு."

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்கை எலும்பில் விரிசல். அதே கையில் இன்னொரு பழைய முறிவு, தானாகவே கோணலாகக் கூடியிருந்தது. "இது எப்போ நடந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது. தீபாவளிச் சமயத்தில் அவள் ஒரு வாரம் விட்டு விட்டுச் சிரித்தாள். பிள்ளை சிரிக்கிறாள் என்று வீடியோ எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தோம்.

டாக்டர் டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். "சின்ன வயசுல உங்களுக்கு அடிக்கடி எலும்பு உடைஞ்சிருக்கா?" மூன்று முறை உடைந்திருக்கிறது. பார்த்து நடக்கத் தெரியாதவள் என்று அதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன். எலும்பு எளிதில் உடையும் நோய், பரம்பரையாக வருவது, வெள்ளைவிழி நீலம் பாய்வது அதன் அடையாளங்களில் ஒன்று என்றார். பின்னால் எடுத்த பரிசோதனையும் அதையே சொன்னது. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு வலி சிரிப்பாகவும் வெளியே வருமாம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். இத்தனை வருடம் மை தீட்டிய கண்ணில் அதே நீலம். எங்கிருந்தோ வந்து பிள்ளையைப் பிடித்தது என்று நினைத்துப் பயந்தேனே, அது என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருந்தது.

"கருப்பன்தான் நம்மளச் சந்தைக்கு இழுத்துட்டுப் போயிருக்காரு" என்கிறாள் நாத்தனார்.

அந்தச் சிரிப்பு இப்போதும் எப்போதாவது வரும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய், அந்த ஆட்டுக்கார அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி ஒவ்வொரு எலும்பாகத் தடவிப் பார்ப்பேன். சாமிக்கு விடும் குட்டிக்குப் பார்த்ததைப் பெற்ற பிள்ளைக்குப் பார்க்காமல் விட்ட அந்த மூன்று நாள் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.