பச்சையில் விழுந்த மனை

அக்காவும் நானும் மம்சாபுரம் சாலையில் அடுத்தடுத்து இரண்டு மனை வாங்கினோம். பக்கத்துப் பக்கத்தில் வீடு, நடுவில் சுவர் கிடையாது என்று பேசி வைத்திருந்தோம். அக்கா கல்யாணமான மூன்றாம் வருடமே கணவரை இழந்தவள். பிள்ளைகள் இல்லை. ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் ஷிப்டு பார்த்துக்கொண்டு, ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்.

வீடு கட்ட அனுமதி கேட்கப் போனபோதுதான் புது மாஸ்டர் பிளான் பற்றித் தெரிந்தது. வரைபடத்தை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் விவசாயம். எங்கள் மனைகளுக்கு சர்வே நம்பர் வேறு வேறு. என்னுடையது மஞ்சளின் ஓரத்தில் இருந்தது. அக்கா விரல் வைத்துத் தேடினாள்.

“ஏட்டி, என்னுது பச்சையிலல்லா இருக்கு?”

ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் இருந்தது. மனுவை நான்தான் எழுதினேன். பக்கத்து நம்பரைச் சேர்த்துவிட்டு இதை மட்டும் ஏன் விலக்க வேண்டும், ரோடும் தெருவிளக்கும் அதுவரை வந்திருக்கின்றனவே என்று கேட்டிருந்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா ஷிப்டு முடிந்து நேராக வந்தாள். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை வராந்தாவில் வைத்து எடுத்துவிட்டேன்.

“அந்த நம்பர் கண்மாய்ப் பாசனத்துல வருதும்மா” என்றார் அதிகாரி.

“தண்ணி அந்தப் பக்கம் வந்தே வருசக்கணக்காச்சு சார். நான் ஒரு ரூமும் அடுப்படியுந்தான் கட்டப்போறேன்.”

“ஒங்க ஒருத்தருக்காக வரைபடத்துல போட்ட கோட்டை மாத்த முடியாதும்மா.”

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. சில மாதம் கழித்து, ஆட்சேபணையை ஏற்க இயலவில்லை என்று கடிதம் வந்தது. அக்கா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒனக்குக் கெடைக்கிறவரைக்கும் நானும் கட்ட மாட்டேன்க்கா” என்றேன். அவள் நம்பினாள். சொன்னபோது நானும் நம்பித்தான் சொன்னேன்.

ஒரு வருடம் போனது.

“எம்புட்டு நாளுதான் வாடகை வீட்டுல கெடக்குறது? ஒங்க அக்கா நம்மகூட வந்து இருக்கட்டுமே, அவியளை யாரு வேண்டாம்னா?” என்றார் என் கணவர். அதில் தப்பொன்றும் இல்லை. அஸ்திவாரம் தோண்டினோம். அக்காவிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மனையில் முள் வெட்டப் போனவள், பக்கத்தில் தூண் கம்பிகள் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்தே போன் செய்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லட்டி. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?”

 அவளே போனை வைத்துவிட்டாள்.

பால் காய்ச்சிய அன்று முதல் ஆளாக வந்தாள். எல்லாருக்கும் பரிமாறினாள். மாடியில் அவளுக்கென்று கட்டிய அறையை என் கணவர் காட்டியபோது, “பொறவு பாக்கலாம் தம்பி” என்றாள். பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன்.

“கோவமாக்கா?”

“கோவமெல்லாம் இல்ல. ஒம்பக்கத்துல இருக்கணும்னுதான் எடம் வாங்குனேன். ஒன் வீட்டுக்குள்ள இருக்கணும்னு இல்லட்டி.”

பஸ் வந்தது. ஏறி, நான் நிற்காத பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

இன்னும் அதே ஒற்றை அறையில்தான் இருக்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். வீட்டைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.