ஜெபத்துக்கு உட்கார்ந்த குட்டி

மகள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. டிவி பார்த்தால் குறுக்கே வந்து நிற்கும். யாராவது பேப்பர் விரித்தால் அதன்மேல் ஏறிப் படுக்கும். போன் பேசினால் பேசி முடிக்கிறவரை குரைக்கும். பேத்தி செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்குச் சட்டம் சொன்னாள்.

"தாத்தா, அது சேட்டை செய்யும்போ பாக்கப்படாது. சும்மா கெடக்கும்போதான் தடவணும்."

"எனக்க அம்மைக்கு இது போன் இல்லாமலே தெரியும் மக்கா" என்றேன்.

நம்பாமல் சிரித்துவிட்டுப் போனாள். அதனால்தான் சொல்லுகிறேன்.

எங்கள் அப்பா ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற வெட்டுக்காரர். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போய்விடுவார். பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் விழாது. விளக்கு இருந்தாலும் அவர் பெருவிரலால் பட்டையைத் தடவிப் பார்த்துத்தான் கத்தி வைப்பார். அவர் வெட்டிய மரத்தை மற்ற வெட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்று அம்மா சொல்லுவாள். மத்தியானம் வந்து சாப்பிட்டு உறங்குவார். எழுந்ததும் கத்தி தீட்டுவார். எங்களோடு அவர் உட்காருவது சாயங்கால ஜெபத்துக்கு மட்டும்தான். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்ததும் அவர்தான். எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டு காயவைக்கிற புகைப்புரைக்குப் பின்னால் தாய் செத்துக் கிடந்ததாம். ஒட்டுப்பால் எடுக்கிற சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார். ஒட்டுப்பால் என்றால் சிரட்டையின் அடியில் காய்ந்து கிடக்கிற பால். அதன் வாடை தெரியாதவர்கள் பாக்கியசாலிகள்; அப்பாவின் கையில் எந்நேரமும் அதுதான். குட்டியை மூன்று தடவை குளிப்பாட்டியும் அந்த வாடை போகவில்லை. நான் சிம்சோன் என்று பெயர் வைத்தேன்.

"வேதத்துல உள்ள பேரயாலே நாய்க்கு இடுகே?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். அதனால் அதற்குக் கடைசிவரை குட்டி என்றுதான் பெயர்.

பகலெல்லாம் குட்டி பரம சாது. சாயங்காலம் விளக்குப் பொருத்தி, பாய் விரித்து, அக்கா வேதம் வாசித்து, அப்பா ஜெபத்தைத் தொடங்கி, எல்லோரும் கண்ணை மூடினோமோ இல்லையோ, அதற்குப் பொறுக்காது. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர்கூடத் தன்னைப் பார்க்காமல் இருப்பது என்ன நியாயம் என்று அது நினைத்திருக்க வேண்டும். முதலில் முனகும். பிறகு குரைக்கும். அதற்கும் யாரும் கண் திறக்காவிட்டால் அண்ணனின் சட்டை நுனியைக் கடித்து இழுக்கும், இல்லையென்றால் முற்றத்திலிருந்து செருப்பைத் தூக்கி வந்து நடுவில் போட்டு உதறும். அக்கா சிரிப்பாள். அண்ணன் அதட்டுவான். அப்பா ஆமென் வரைக்கும் பொறுக்காமல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏலே, அதப் பிடிலே!" என்பார். நான் பிடிப்பேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பா நேராக என்னைப் பார்த்துப் பேசுவது அந்த ஒரு நேரம்தான். குட்டி குரைக்காத நாளில் எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இப்படிப் போகையில் வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை என்று ஆனது. எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். உபதேசியார் வந்து ஜெபம் நடத்துவார், அக்கம்பக்கமெல்லாம் வரும். அப்பா அம்மாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"சனியாழ்ச்சைக்குள்ள இது அடங்கல்லேண்ணா மீன்காரிகிட்ட குடுத்து விட்டிருவேன். முட்டத்துக் கடப்புறத்துல கெடக்கட்டு."

நான் அழுதேன். அம்மா முறத்தில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள்.

"கரையாதலே. அதுக்குப் பசியும் இல்ல, வலியும் இல்ல. நம்ம மொகம் வேணும், அவ்வளவுதான். நீங்க ஏசினாலும் அதுக்கு வெளையாட்டு, அடிச்சாலும் வெளையாட்டு. இண்ணையிலேருந்து அது என்ன செய்தாலும் ஒருத்தரும் நோக்கப்படாது. வாயடச்சிக் கெடந்துதுண்ணா ஒரு தடவு தடவணும். கண்ணத் தொறக்காண்டாம்."

"இது நாய்க்கா, நமக்கா?" என்றான் அண்ணன்.

"ரெண்டுக்கும்தான்" என்றாள் அம்மா.

முதல் நாள் குட்டி பேய் பிடித்ததுபோல ஆடியது. அம்மா சொன்னாள், அடங்குவதற்கு முன்னால் இன்னும் கூடும் என்று. கூடியது. இரண்டாம் நாள் என் காதைக் கடித்தது. நான் அசையவில்லை. ஜெபம் முடிந்ததும் அக்கா, "இவன் ஒரு கண்ணத் தொறந்தாம்மா" என்றாள். "ஒனக்கு எப்பிடிட்டி தெரியும்?" என்றேன். வெள்ளிக்கிழமை அது கொஞ்சம் முனகிவிட்டு அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் சுருண்டு படுத்தது. பக்கத்தில் அப்பாவின் சட்டை உரசுகிற சத்தம் கேட்டது. லேசாகத் திறந்து பார்த்தேன். கண்ணை மூடியபடியே அவர் கையைக் குட்டியின் தலையில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை அம்மா வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் பிடித்துச் சொன்னாள். "குட்டி என்ன காட்டினாலும் கண்ணத் தொறந்திராதுங்க." எங்கள் சபையில் அத்தனை பேரும் ஒன்றாகக் கண்ணை மூடி ஜெபித்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்று நினைக்கிறேன். உபதேசியாரிடம் மட்டும் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டாள்.

குட்டி நேராக அவரிடம்தான் போனது. இத்தனை புதுமுகம் கண்டதும் கற்றதெல்லாம் மறந்துவிட்டது போலும். உறுமிக்கொண்டு துணி இழுபடுகிற சத்தம். அவருடைய வேட்டி நுனி என்று எனக்குத் தெரியும். நான் கண்ணை இறுக்கிக்கொண்டு முட்டத்துக் கடற்கரையை நினைத்தேன். அவர் குரலை உயர்த்தினார். இது இன்னும் பலமாக இழுத்தது. அவரும் விடவில்லை. சோதனைகளை ஜெயிக்க பெலன் தாரும் என்று கேட்டார். ஆமென் என்று வீடே அதிரச் சொன்னோம், சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஒருவரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாக ஒன்று என் முட்டியில் வந்து சாய்ந்தது.

காப்பி குடிக்கும்போது உபதேசியார், என் பக்கத்தில் அடங்கிக் கிடந்த குட்டியைப் பார்த்து, "நல்ல பழக்கமுள்ள நாயாக்கும்" என்றார். ஓரம் நைந்த வேட்டியை அவர் அதுவரை பார்க்கவில்லை. மீன்காரியின் பேச்சை அப்பா பிறகு எடுக்கவில்லை.

குட்டி ஜெயித்தது. எனக்குத்தான் நஷ்டம். இப்போது அப்பா கண் திறக்கக் காரணமே இல்லை. நான் ஜெபத்தின் நடுவே இருமிப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தைத் தவறவிட்டதுபோலப் போட்டேன். ஒருநாள் ஏப்பம்கூட விட்டேன். அண்ணன் தொடையில் கிள்ளினான். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. நாய்க்குச் சொன்னதை எனக்கும் நடத்துகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

சலித்துப்போய் ஒருநாள் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். குட்டி அன்று அம்மாவின் மடியில் உறங்கிவிட்டது, அப்பாவுக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் நான் இருந்தேன். ஜெபம் பாதியில் இருக்கும்போது ஒட்டுப்பால் வாடை கிட்டே வந்தது. அப்பாவின் கை என் தலையில் விழுந்தது. மெதுவாக, உச்சியிலிருந்து பிடரிவரை தடவியது.

நாய் என்று நினைத்துவிட்டார் என்று நான் பயந்தேன். அசைந்தால் தெரிந்துவிடும், கையை எடுத்துவிடுவார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். மறுநாளும் குட்டிக்கு முன்னால் ஓடி அந்த இடத்தைப் பிடித்து அதேபோல அசையாமல் இருந்தேன். மறுநாளும் கை வந்தது. அதற்கு மறுநாளும். அப்பாவை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு உறுத்தலாக இருந்தது, ஆனாலும் நான் சொல்லவில்லை.

விரலால் தடவியே பட்டையின் ஆழம் பார்க்கிற மனிதர். எண்ணெய் தேய்த்த மகன் தலையை அந்தக் கை நாய்த்தலை என்று நினைத்திருக்குமா? இது எனக்குத் தோன்றவே நான் அப்பாவாக வேண்டியிருந்தது.