யார் கை பட்டது தாயே

எஸ்டேட் மாரியம்மனின் பிள்ளைகள் எல்லோருக்கும் என் கும்பிடு. விழா மலருக்கு எழுதித் தரும்படி கமிட்டியில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அது அவ்வளவு அழகாக இருக்காது. ஆனாலும் சொல்கிறேன்.

இடுக்கி தனி ஜில்லாவாகி இரண்டாவது வருஷம். தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் தேயிலை ஃபாக்டரியில் நான் ஃபிட்டர். பெயர் சுடலைமுத்து. இலை உருட்டும் ரோலர்களைக் காலையில் ஓடவிடுவது என் பொறுப்பு. அதுவரை ஒரு பெரிய இரும்புக் கைப்பிடியைத் தூக்கித்தான் ஓடவிடுவோம். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அதைக் கழற்றிப் போட்டான். எல்லா ரோலருக்கும் சேர்த்து ஒரே ஒரு புதுப் பெட்டியை மாட்டினான். பச்சைப் பட்டனை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். இவ்வளவு சுலபமாக ஒரு வேலை நடக்கிறதென்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று அன்றைக்கே என் மனதில் பட்டது.

நான் அப்படிப்பட்டவன்தான். என் மனைவி பேச்சி சொல்லுவாள், "குழம்புல உப்புக் கூடுனாலும் எவன் செஞ்ச சதின்னு கேப்பீக!" என்று.

பூஜைக்கு மறுநாள் காலை ஆறு மணி. முந்தின நாள் பறித்த இலை மாடியில் வாடிப் பக்குவமாகக் கிடந்தது. அம்மனை நினைத்துக்கொண்டு பச்சைப் பட்டனை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன். ரோலர் கல் போல நின்றது. ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. கரண்டிலும் குறையில்லை, தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

ஃபாக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போட்டார். மெக்கானிக் ஊரில் இல்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது டீமேக்கரின் முகமே சரியில்லை.

"மத்தியானத்துக்குள்ள உருட்டலேன்னா அம்புட்டு எலையும் குப்பைதான் முத்து. தொரை பத்து மணிக்கு வாராரு. எவன் காரணமோ அவன் இன்னைக்கே எஸ்டேட்ட விட்டு எறங்கணும்னு சொல்லிட்டாரு."

மேனேஜரைத்தான் துரை என்போம். அவர் சொன்னால் சொன்னதுதான். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். பேச்சிக்கு ஏழாவது மாதம். அவளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊரில் போய் நிற்பேன்?

பயம் வந்தால் எனக்குக் கூடவே சந்தேகமும் வந்துவிடும். மெக்கானிக்கே ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போனானா? மற்ற யூனியன்காரர்கள் கை வைத்தார்களா? இப்படி ஒவ்வொரு முகமாக நினைத்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் எலக்ட்ரீஷியன் வர்க்கியின் குரல் கேட்டது. கோட்டயம் பக்கத்துக்காரன், எங்கள் ஃபாக்டரிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பூஜை முடிந்த பிறகு ராத்திரி டியூட்டியில் இருந்ததும் அவன்தான். வாட்ச்மேனிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னலெ ஞானா அது கெடுத்தியது. ஆரோடும் பறயண்ட."

அவ்வளவுதான். நேற்று அதைக் கெடுத்தது நான்தான், யாரிடமும் சொல்லாதே என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். எனக்கு வேறென்ன வேண்டும்? டீமேக்கரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்குள் வர்க்கி டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறக்க வந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தொடாத! கெடுத்ததும் நீ, இப்போ திறந்து தடயத்த அழிக்க வந்தியா?"

அவன் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தான். புரியாத மாதிரி நடிக்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன். டீமேக்கரும் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். பெட்டியை விவரமாகச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளை நானே கட்டிப்போட்டேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மணி ஒன்பதானது. எதிலும் மனம் நிற்காமல் ஃபாக்டரியை ஒட்டிய நம் கோயிலுக்கு ஓடினேன். அம்மன் முன்னால் விழுந்து அழுதேன். மெஷினை ஓட வை என்று நான் கேட்கவில்லை. "யார் கை பட்டதுன்னு எல்லாருக்கும் காட்டிரு தாயே. கண் முன்னால காட்டு" என்று கேட்டேன். வர்க்கியின் பெயரைக்கூடச் சொன்னேன். அவன் மாட்டிக்கொண்டால் நான் தப்பிப்பேன் என்பதுதான் என் கணக்கு. அம்மனிடம் போய் அப்படிக் கேட்டவன் நான்.

பூசாரி கொடுத்த குங்குமத்தைக் கையில் பொத்திக்கொண்டு திரும்பினேன். புதுப் பெட்டிக்கு இன்னொரு தரம் பொட்டு வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பழக்கதோஷம். கட்டைவிரலில் குங்குமத்தைத் தொட்டுப் பட்டன் பக்கம் கொண்டுபோனேன். விரல் பாதியில் நின்றுவிட்டது.

சிவப்புப் பட்டன் மேலே ஏற்கெனவே ஒரு பொட்டு இருந்தது. சிவப்பின் மேல் குங்குமம் என்பதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அடியில் சந்தனம் காய்ந்து மண் மாதிரி இறுகியிருந்தது. பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கெல்லாம் சந்தனம். பட்டன் உள்ளே அமுங்கினது வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. நிற்கச் சொல்லும் பட்டன் ராத்திரி முழுக்க அழுத்தியபடியே இருந்தால் மெஷின் எப்படி ஓடும்?

அந்தப் பொட்டின் நடுவே குறுக்காக ஒரு கோடு. என் வலது கட்டைவிரலில், பழைய ரோலரில் மாட்டிக் கிழிந்த தழும்பு ஒன்று உண்டு. விரலை அருகில் வைத்துப் பார்த்தேன். அதே கோடு.

பழைய இரும்புக் கைப்பிடிக்கு வருஷா வருஷம் எப்படிச் சந்தனத்தை அப்பி அழுத்திப் பொட்டு வைப்பேனோ, அப்படியே இந்தப் பட்டனுக்கும் முந்தின நாள் பக்தியாக வைத்திருக்கிறேன். கேட்டதைக் கேட்டபடியே அம்மன் காட்டிவிட்டாள்.

பேனாக்கத்தியால் சந்தனத்தைச் சுரண்டினேன். பட்டன் டக்கென்று வெளியே வந்தது. பச்சையை அழுத்தினேன். ரோலர்கள் திமுதிமுவென்று ஓடின. இலை கொட்டும் பெண்கள் குலவையிட்டார்கள். "கோயிலுக்குப் போயிட்டு வந்தான், ஓடிருச்சு! ஆத்தா மகிமை!" என்று எல்லோரும் என்னையே கும்பிட்டார்கள். நானும் கை கூப்பிக்கொண்டு நின்றேன். அப்படியே விட்டால் நான் பக்தன், வர்க்கி குற்றவாளி. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

துரை ஜீப்பிலிருந்து இறங்கி நேராக உள்ளே வந்தார். டீமேக்கர் வர்க்கியைக் கைகாட்டினார். வர்க்கி தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பேச்சியின் முகம் கண் முன்னால் வந்தது. காட்டு என்று கேட்டவன் கண்ணை மூடிக்கொண்டால் அம்மன் சும்மா விடுவாளா?

"அவன் இல்ல தொரை. என் கைதான்" என்று குங்குமம் ஒட்டிய விரலை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

துரை வர்க்கி பக்கம் திரும்பினார். "பின்னே நீ எதைக் கெடுத்தே?"

வர்க்கி தமிழும் மலையாளமுமாகச் சொன்னான்: "பூஜை விளக்கு, சார். பக்கத்துல தேயிலைப் பொடி கெடந்நு, காத்தும் உண்டு. தீ பிடிக்கும்னு பயந்நு ஞான் கெடுத்தி. அம்மனோட விளக்கு, ஞான் வேற மதம். இவர் கோபிக்கும்னு ஆரோடும் பறஞ்ஞில்ல."

மலையாளத்தில் விளக்கை அணைப்பதற்குத்தான் கெடுத்துவது என்று பெயர். இந்த மலையிலேயே பிறந்தவன் நான். லைனில் தமிழே போதும் என்று இருந்துவிட்டேன். விளக்கைப் பொடிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் நான்தான். ஃபாக்டரி எரியாமல் காத்தவனைத்தான் துரத்தப் பார்த்திருக்கிறேன். எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

துரை பட்டனையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "பொட்டு வெக்கணும்னா பெட்டி மேலே வை, மேன். பட்டன் மேலே வேண்டாம்" என்றார். மூன்று நாள் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு தப்பியது. தை மாதம் பெண் பிறந்தாள். மாரியம்மாள் என்று பெயர் வைத்தோம்.

இப்போதும் ஆயுத பூஜையன்று வர்க்கி வந்து பக்கத்தில் நிற்பான். நான் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டாலே, "சேட்டா, பட்டன் சூட்சிச்சோ!" என்று, பட்டனைப் பார்த்து என்று கத்துவான். சிரித்துக்கொண்டே பெட்டியின் தலையில் வைப்பேன். பூஜை முடிந்ததும் விளக்கை மலையேற்றுவதும் அவன்தான். நானே அவனிடம் ஒப்படைத்துவிட்டேன்.

சந்தேகம் என்னை விட்டு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வரும். வந்தால் வாயைத் திறக்கும் முன்னால் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொள்வேன். அன்பானவர்களே, உங்களுக்கும் கஷ்டம் வந்தால் நம் தாயிடம் போய் அழுங்கள். யார் செய்தது என்று கேட்டால்கூடச் சொல்லுவாள். ஆனால் அவள் காட்டுவது உங்கள் கையாகவே இருந்தாலும் எல்லோர் முன்னாலும் அதை நீட்டிவிடுங்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான்.